காற்று நின்ற நேரம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து நவம்பர் காற்று, அறுக்காமல் நிற்கும் காய்ந்த மக்காச்சோளக் காட்டை உலுக்கி எடுக்கிறது. இந்தச் சலசலப்பில் காலடி ஓசை மானுக்குக் கேட்காது என்றுதான் மார்லிஸும் அவள் கணவன் வெண்டலும் வில்லோடு இறங்கியிருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு வீட்டில் கறி இன்னும் சேரவில்லை. எதிர்காற்றில், சோள வரிசைகளைக் குறுக்கே கடந்து போகிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் தோகையை விலக்கி, தலையை மட்டும் நீட்டி இரண்டு பக்கமும் பார்க்கிறாள் மார்லிஸ். பின்னால் வருகிற வெண்டல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருகிறான். முன்னால் போகிறவளுக்கு எட்டாமல் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும் என்கிற தைரியம். ஏப்ரலில் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்தபோது, கட்டிலருகே உட்கார்ந்து டிராக்டர் டயரைப் பற்றியே பேசிய மனிதன் அவன். இதோ, கூப்பிடு தூரம்கூட இல்லை, மண்ணில் படுத்து அசைபோடுகிறது ஒரு கொழுத்த பெண்மான். தோகைகளின் ஊடாக விழும் மஞ்சள் வெயில் அதன் முதுகில் ஆடுகிறது. மார்லிஸ் நாணை இழுக்கிறாள். சட்டென்று காற்று நிற்கிறது. காடு முழுக்க ஒரு தோகை அசையவில்லை. "...நீ கண்ணு முழிக்கிற வரைக்கும் என் உசுரு எங்கிட்ட இல்ல, மார்லிஸ்." வெண்டலின் குரல் தெள்ளத் தெளிவாகக் கேட்கிறது. மானுக்கும் கேட்கிறது. ஒரே தாவல், வெள்ளை வால் மறைகிறது. வெண்டலுக்குக் காது வரை சிவந்துவிடுகிறது. "ஐயோ, கெடுத்துட்டேனே." மார்லிஸ் நாணை மெல்லத் தளர்த்துகிறாள். "மான் போனாப் போகுது, விடு. திரும்பக் காத்து வர்றதுக்குள்ள இன்னொரு தடவ சொல்லு."