நீளமான பேரு வேணும்

"டாக்டரம்மா, எனக்கு ஒரு வியாதி வேணும். பேரு மட்டும் நல்லா நீளமா இங்கிலீஷ்ல இருக்கணும்."

குருசுக்குப்பத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் நூரீன் பேனாவை மூடிவிட்டு ஆனந்தமேரியை நிமிர்ந்து பார்த்தார். வியாதி போனால் போதும் என்று வருகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.

"உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணுமே பண்ணல. அதான் பிரச்சினையே!"

ஆனந்தமேரிக்கு வயிறு எரிந்தது. ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். இளையவள் பெனிஷா போன மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஓர் இங்கிலீஷ் பேரோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவள் ஒரு தம்ளரைக்கூடக் கழுவவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தேர். பிரான்சிலிருந்து நாத்தனார் குடும்பம் வேறு வந்து இறங்கப் போகிறது. அத்தனை பேருக்கும் மீன் ஆய்ந்து குழம்பு வைக்கப் போவது யார்? ஆனந்தமேரிதான். தனக்கென்று ஒரு வியாதி வாய்க்கவில்லையே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

"வாயில நுழையாத பேருன்னாதான் எங்க மாமியாருக்கு பயம், டாக்டரம்மா. காய்ச்சல், தலவலின்னா எழுந்து வேலையப் பாருன்னுடுவாங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விக்கல் வருமா? சிங்கல்டஸ்னு எழுதித் தரவா?"

"பிஸ்கட்டு பேராட்டம் இருக்குது. வேற?"

"பசிச்சா வயிறு கடமுடான்னு சத்தம் போடுதுல்ல? அதுக்கு போர்போரிக்மஸ்."

ஆனந்தமேரி தலையைச் சொறிந்தபடி யோசித்தாள். "இது நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க வூட்டு சின்ன மருமக பெனிஷாவோடதுக்கு முன்னாடி எடுபடாது. அவளுக்கு வந்திருக்கறது மூளை வியாதி."

டாக்டரின் சிரிப்பு நின்றது. "மூளையா? யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? தலைக்குத்தான மருந்து தடவி, துண்டு சுத்தி வச்சிருக்கா! எங்க வூட்டுக்காரரு என்ன வியாதின்னு செல்லுல தேடப் போனாரு. மாமியார் புடுங்கி வச்சிட்டாங்க. அர்த்தம் தெரிஞ்சா பயம் ஜாஸ்தியாயிடுமாம்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. "பொறாமை வேற, பாசம் வேற டாக்டரம்மா. நானும் அவ பக்கத்துலயே ஒரே தலவாணியில படுத்து, தலையக் கோதிவிட்டு செபமால சொல்றேன். மாமியார் மடியில வச்சித் தாலாட்டாத குறைதான். கவலையில வூட்ல ஒருத்தருக்கும் தூக்கமில்ல."

"பாவம்தான். அந்த வியாதிக்கு என்ன பேரு சொன்னாங்க?"

ஆனந்தமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மந்திரம் சொல்வதுபோல் ஒப்பித்தாள்.

"பெடிகுலோசிஸ் கேபிட்டிஸ்! முடிஞ்சா எனக்கும் அதையே எழுதிக் குடுங்க."

டாக்டர் நூரீன் நாற்காலியைச் சரேலென்று பின்னால் நகர்த்தினார். காதுக்குப் பின்னால் மும்முரமாகச் சொறிந்துகொண்டிருந்த ஆனந்தமேரியின் விரல்களையே பார்த்தார்.

"எழுதவே வேணாம்மா, அது உங்களுக்கு ஏற்கெனவே வந்துட்டுது. தமிழ்ல அதுக்கு ரொம்பச் சின்னப் பேரு... பேன்."