இரு கொடி ஊரின் கிரீம் கேக்

"ஏன் அண்ணை, இந்தச் சின்ன ஊருக்கு எதிரெதிரா ரெண்டு பாண் கடை?"

ரயிலை விட்டு இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எதிரெதிரே இருந்த ரொட்டிக் கடைகளைக் கண்டு தவராஜா கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான். சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்துக் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தயாநிதியைப் பார்க்க மலையேறி வந்திருந்தான்.

"பாண் கடை மட்டுமில்லை. பந்தடிக்கிற கழகம் ரெண்டு, கஃபே ரெண்டு, பேண்ட் வாத்தியமும் ரெண்டு. கொடியைப் பார், விளங்கும்," என்றான் தயாநிதி.

ஒரு வீட்டு ஜன்னலில் பெர்ன் மாநிலத்தின் கரடிக் கொடி தொங்கினால், அடுத்த வீட்டில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜூரா கொடி தொங்கியது. ஐந்து வருடங்களுக்கு முன், 1979இல், பிரெஞ்சு பேசும் ஜூராக்காரர்கள் பெர்னை விட்டுப் பிரிந்து தனி மாநிலம் ஆனார்கள். இந்த ஊரோ, வாக்கெடுப்பில் மயிரிழையில் பெர்னோடேயே நின்றுவிட்டது. தோற்ற பாதி ஊர் தோற்றதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வென்ற பாதி ஊர் வென்றதை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

தயாநிதிக்கு வேலை கரடிக் கொடி கஃபேயின் சமையலறையில். முதலாளியம்மா மதாம் ரொசே, அவனைச் சேர்த்துக்கொண்ட அன்றே ஒரு சட்டம் போட்டிருந்தார். எதிர்க் கஃபேயில் கால் வைத்தால் இங்கே வேலை இல்லை.

"கால் வைச்சனீங்களோ?"

"இண்டைவரைக்கும் நான் அந்தப் படி ஏறேல்லை."

அன்று ஊரின் இலையுதிர்காலத் திருவிழா. அதில் முக்கியமானது கிரீம் கேக் போட்டி. புளித்த மாவைத் தட்டி, மேலே கிரீம் ஊற்றிச் சுடும் பழைய பலகாரம் அது. முதலில் சுட்டது எங்கள் ஆட்கள்தான் என்று இரண்டு பக்கமும் சத்தியம் செய்யும். போன வருடம் ஜூரா கொடிக் கஃபே வென்றுவிட்டது. இந்த முறையும் தோற்றால் வேறு சமையல்காரனைப் பார்த்துக்கொள்வேன் என்று மதாம் தயாநிதியிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வேலை போனால், அடுத்த மாதம் குடிபோக இருந்த வாடகை வீடும் கைவிட்டுப் போகும். வேலைக் கடிதம் இல்லாத அகதிக்கு யார் வீடு தருவார்கள்?

இதைக் கேட்ட தவராஜா நடுவீதியிலேயே நின்றுவிட்டான். காலையிலேயே கேக்கைச் சுட்டுக் கொடுத்துவிட்ட தயாநிதியோ காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, திருவிழாப் பார்க்க வந்தவனைப்போல நடந்தான்.

"ஜெயகௌரி அக்கா பயப்படேல்லையோ?" என்று தயாநிதியின் மனைவியைப் பற்றிக் கேட்டான் தவராஜா.

"அவவுக்கும் இண்டைக்கு வேலை. விடியவே போயிட்டா."

ஊரில் நடுநிலையான ஆள் ஒருவர்கூட அகப்படாததால், லோசான் நகரத்திலிருந்து ஒரு பருத்த மனிதரை நடுவராகக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் முன்னால் கொடி அடையாளம் இல்லாத இரண்டு தட்டுகள். ஒன்றைத் தின்றார், தண்ணீர் குடித்தார், மற்றதைத் தின்றார். பிறகு சந்தேகம் வந்ததுபோல மறுபடி முதலாவதற்கே போனார். இரண்டு பேண்ட் வாத்தியமும் குழல்களை வாயருகே பிடித்தபடி காத்து நின்றன.

கடைசியில் அவர் கையை விரித்தார். இரண்டும் சரிசமம், ஒரு துளி வித்தியாசம்கூடத் தனக்குத் தெரியவில்லை என்றார். இரண்டு பக்கத்திலும் முணுமுணுப்பு எழுந்தது. அவர் விடவில்லை. அந்த வாசனை இருக்கிறதே, அது புத்தகம் பார்த்துப் படித்து வருவதல்ல. தலைமுறை தலைமுறையாக இந்த மலைக் காற்றைச் சுவாசித்தவர்களின் கைக்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டியது. இரண்டு பேண்டும் ஒன்றாக வாசித்ததை ஊர் அன்றுதான் கேட்டது.

மதாம் ரொசேக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்கவில்லை, அது போதும் அவருக்கு. தயாநிதியின் கையைப் பிடித்து, நாளைக்கே கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். தயாநிதிக்கு அந்த நிமிடம் உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

மாலையில் தவராஜாவை வழியனுப்ப இருவரும் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். அங்கே மர வாங்கில் உட்கார்ந்து ஜெயகௌரி காத்திருந்தாள். ஜூரா கொடி தைத்த சமையல் ஏப்ரன் ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, தோத்தால் வேலையில்லை எண்ட என்ரை முதலாளியும் கடிதம் தாறாராம்," என்றாள். "வீட்டிலை அளந்தமாதிரியே ரெண்டு பேரும் போட்டதாலை ரெண்டு வேலையும் தப்பிச்சுது. ஏலக்காய்தான் கொஞ்சம் கூடிப்போச்சோ எண்டு பயந்துகொண்டு நிண்டனான்."