சகலை போட்ட வெளிச்சம்

பகல் வெயில் உள்ளே வராதபடி திரையை இழுத்துவிட்டு, சகலை ஒரு சின்னக் குமிழைத் திருகுகிறான். மேசை முழுக்க விரிந்திருக்கும் பொம்மை ரயில் ஊரில் மெல்ல விடிகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. மேலே ஒரு நீண்ட பலகை விளக்குப் பட்டையைக் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறது. அதைத் தாங்கும் நான்கு மரக் கம்பங்கள் சுவரையும் தொடவில்லை, மேசையையும் தொடவில்லை. "வாடகை வீடாச்சே அண்ணா, சுவத்துல ஓட்டை போட விடமாட்டாங்க. அதான் தனியா நிக்க வச்சுட்டேன்," என்கிறான். மனைவியோடு பார்க்க வந்திருக்கும் மூத்தவர் தலையாட்டுகிறார். அவருடைய சொந்த வீட்டில், அவருடைய பொம்மை ரயில் பாதையின் மீது, அவர் தலையின் நிழல்தான் எப்போதும் விழுகிறது. ஒரு கம்பத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கிறார். அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார். அவர் மனைவி மேசை விளிம்பில் மோவாயை வைத்துக் குனிந்திருக்கிறாள். வளைவில் ரயில் திரும்பும்போது பெட்டி ஜன்னல்களின் மஞ்சள் ஒளி அவள் கன்னத்தில் கட்டம் கட்டமாக ஓடுகிறது. அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகுநாளாகிறது. "இன்னொரு தடவை ஓட விடுங்க தம்பி," என்கிறாள். "எல்லாம் அண்ணனைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான் அண்ணி. அவர் ஸ்டேஷன் மாதிரி எனக்கு இன்னும் வரலை," என்கிறான் சகலை. அவள் நிமிர்ந்து கணவனைப் பார்க்கிறாள். கேலி இல்லை, தெரியாமல்தான் கேட்கிறாள்: "உங்ககிட்ட ஸ்டேஷன்லாம் இருக்கா?" அவர் கம்பத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "இருக்கு," என்கிறார். "பதினோரு வருஷமா இருக்கு."