முறுக்கு விரல்

"புள்ளய ஊமையாக்கித்தான் விடப்போறாய்."

ஜெய்னம்பு புத்தளத்திலிருந்து தம்பி வீட்டுக்கு வந்து மூன்று நாள். இதை அவள் சொல்வது ஐந்தாவது தடவை.

முஃப்லிஹா சிரித்தாள். தம்பி பெண்சாதியின் இந்தச் சிரிப்புத்தான் ஜெய்னம்புவுக்கு ஆகாது. ஏசினால் திருப்பி ஏச வேண்டும். அதுதானே ஒரு மரியாதை.

பாயில் இருந்த நஸ்ஹாவுக்குப் பதினொரு மாதம். முஃப்லிஹா பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினாள். பிள்ளையும் முக்கி முக்கிச் சேர்த்துப் பார்த்தது. வளையம் வரவில்லை, முறுக்கு வந்தது.

"பாருங்க மதினி, 'நல்லா இருக்கன்' எண்டு சொல்றா."

"வாயிருக்கே, அதால சொல்லச் சொல்லு. ஒண்ட புருஷன் பத்து மாசத்துல 'ராத்தா' எண்டு ஊரக் கூட்டினவன். இதெல்லாம் எங்க படிச்ச வித்தை?"

"போன்ல பாத்தன். வெளிநாட்டுல கதை வாறதுக்கு முந்தி இப்படித்தான் பழக்குறாங்களாம்."

"வெளிநாட்டுல மூணு நேரமும் பாண் தின்னுவாங்க. நாங்களும் தின்னுறதா?"

"நேத்து நீங்கதானே மதினி, பாண் இல்லையா எண்டு கேட்டீங்க?"

அந்த நேரம் பார்த்து ஸப்ராஸ் வந்தான். எட்டு வருடம் கடலடியில் மூழ்கிக் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவன். நாரி வலி, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை என்று போன நோன்போடு அதை விட்டுவிட்டு, இப்போது கரையில் மீனுக்கு ஐஸ் போடுகிறான்.

"தம்பி, ஒண்ட பெண்சாதிக்கு நீ ஒண்டும் சொல்ல மாட்டியா?" ஜெய்னம்பு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

தூக்கி வளர்த்த ராத்தாவுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டானாம். அவ்வளவுக்கு மயக்கி வைத்திருக்கிறாள்.

நஸ்ஹா தவழ்ந்து போய் வாப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தது. பெருவிரலை மேலே நீட்டிக் காட்டியது.

"சூப்பராம்!" என்றாள் ஜெய்னம்பு. "பேஸ்புக் புள்ள."

ஸப்ராஸ் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கினான். பெருவிரல் கீழே திரும்பியது. இறக்கிவிட்டான். மேலே. தூக்கினான். கீழே. இறக்கினான். ஏழெட்டுத் தடவை. இரண்டு பேரும் கூக்குரலிட்டுச் சிரித்ததில் முற்றத்துக் கோழிகள் ஓடின.

'நாளைக்கு இந்தப் புள்ளய டொக்டரிட்டக் கொண்டு போறதுதான்' என்று ஜெய்னம்பு தீர்மானித்தாள். அதற்கு முன் தன்னால் ஆனதைச் செய்துவிட வேண்டும்.

பின்னேரம் முஃப்லிஹா கிணற்றடிக்குப் போனதும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். ஸப்ராஸ் வாசற்படியில் முதுகைக் காட்டி இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மாமி சொல்லு. மா... மி..."

நஸ்ஹா அவள் வாய்க்குள் கைவிட்டுத் தங்கப் பல்லைப் பிடுங்கப் பார்த்தது.

"சரி, வாப்பா சொல்லு. வா... ப்பா..."

"வாப்பா!"

ஜெய்னம்பு துள்ளிவிட்டாள். "அல்லாவே! தம்பி, கேட்டியா? புள்ள பேசிட்டா!"

ஸப்ராஸ் திரும்பவில்லை.

"வாப்பா!" நஸ்ஹா இன்னும் பலமாகக் கத்தியது.

இரண்டு முழம் தூரம். அவன் வெங்காயம் கட்டிக்கொண்டே இருந்தான்.

"டேய், ஸப்ராஸ்!"

பிள்ளை மடியிலிருந்து வழுக்கி இறங்கியது. சுவரைப் பிடித்துப் பிடித்து, அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்று, பெருவிரலை நீட்டியது. அவன் முகம் மலர்ந்தது. தூக்கிக்கொண்டான்.

ஜெய்னம்பு எழுந்து கிணற்றடிக்கு ஓடினாள்.

"எப்ப இருந்து?" என்றாள் மூச்சு வாங்க, தாழ்ந்த குரலில்.

முஃப்லிஹாவுக்கு விளங்கிவிட்டது. "சத்தமாவே கேளுங்க மதினி. அவருக்குக் கேக்காது." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒரு வருஷமா. ஆழத்துல போய்ப் போய் ரெண்டு காதும் போச்சு. முகத்தப் பாத்துக் கதைச்சா கொஞ்சம் வெளங்கும். நாரி வலி எண்டு சொல்லிட்டுத் திரியிறார். எனக்குத் தெரியாதாம்."

"அப்ப இந்தக் கை காட்டுறது?"

"தண்ணிக்குள்ள சுழியோடுறவங்க கதைக்கிற பாஷை. பெருவிரல் மேலே எண்டா மேல போவம், கீழே எண்டா கீழ போவம். 'புள்ளைக்குப் பழக்கணுமாம், எனக்குத் தெரியாது, நீங்க சொல்லித் தாங்க' எண்டு கேட்டன். பெருமையாச் சொல்லித் தந்தார். புள்ளைக்கு உதவி செய்றதா நினைச்சிட்டிருக்கார். அப்படியே இருக்கட்டும் மதினி. அவரா வாய் திறக்கிற நாள்ல டொக்டரிட்டப் போவம்."

ஜெய்னம்பு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். முஃப்லிஹா பின்னால் வந்து குசினிக்குள் போய்க் கறியைக் கிண்டத் தொடங்கினாள்.

ஸப்ராஸ் கதிரையை ராத்தா பக்கம் இழுத்துப் போட்டான். குனிந்து, ரகசியம் சொன்னான். ரகசியம் என்று அவன்தான் நினைத்தான்; பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

"ராத்தா, அவள ஏசாதீங்க. என்ட காது போனது அவளுக்குத் தெரியும். எனக்காகத்தான் புள்ளைக்கு இதப் பழக்குறாள். நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு சொல்லிடாதீங்க, பாவம், சந்தோஷமாச் செய்றாள்."

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது.

"சொல்ல மாட்டீங்கதானே?"

மூன்று நாளாக வாய் ஓயாமல் ஏசிய ஜெய்னம்பு குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். அவள் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து உயர்த்திக் காட்டினாள்.

முறுக்குத்தான் வந்தது.