இடது பக்கத்து மவுஸ்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மும்பை சீத்தா கேம்ப் சந்துக்குள் இருக்கும் சாயிமாவின் கேம் கடையில், நான்கு பையன்கள் புதுச் சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு பெரிய டிவியில் ஃபுட்பால் ஆடுகிறார்கள். திரையின் பச்சை வெளிச்சம் அவர்கள் முகத்தில் தெறிக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும் இசக்கிராஜைப் பார்த்ததும் சாயிமாவின் கை மேஜையைத் துடைக்கத் தொடங்குகிறது. அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது. தோல் பட்டறை மெஷினுக்கு வலது கை விரல்களைக் கொடுத்தவன் அவன். அவனுக்காகவே மூலைக் கம்ப்யூட்டரில் மவுஸை இடது பக்கம் மாற்றி, மவுஸால் மட்டும் ஆடும் ஆட்டங்களை ஏற்றி வைத்திருந்தாள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒருத்தன்தான், டிவியில் மாட்டி ஆடும் ஒரு கன்சோலுக்கு நாலு பேர் என்று கணக்குப் போட்டு கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் போன வாரம் விற்றபோது, அவனுடையதை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த மூலையில்தான் சோபா சரியாகப் பொருந்தியது.

"அண்ணே, ஆவோ, ஒரு மேட்ச் ஆடுவோம்" என்று ஒரு பையன் கன்ட்ரோலரை நீட்டுகிறான். இரண்டு கையாலும் பிடித்து ஆட வேண்டிய அதை இசக்கிராஜ் புரட்டிப் பார்த்துவிட்டு அவனிடமே கொடுக்கிறான். "நீ ஆடுடே." பிறகு சாயிமாவைப் பார்த்துச் சிரிக்கிறான். "நல்ல காரியம் பண்ணுனியக்கா. இப்பந்தான் கடை கலகலன்னு இருக்கு."

"உக்காரு இசக்கி, டீ சொல்றேன்."

அவன் சோபாவின் ஓரத்தில் உட்காருகிறான். பந்து கோலை நெருங்கும்போதெல்லாம் அவனுடைய இடது ஆள்காட்டி விரல் மவுஸை அழுத்துவதுபோலக் கைப்பிடி மரத்தில் டக், டக்கென்று தட்டுகிறது. சாயிமா டிவியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள்.