வலது காலில் கியர்

பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்ததும் அவள் கை தானாகக் கணவர் தோளுக்குப் போயிற்று.

"பட்டனை அமுக்குனாப் போதுமுங்கண்ணா, முட்டிக்கு வேலையே இல்ல," என்றார் பழைய வண்டிக் கடைக்காரர் ஈஸ்வரமூர்த்தி. "மூணே வருசம் ஓடுன வண்டி."

அவர் அமுக்கினார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் சாலை. இருபுறமும் தென்னை.

சென்னையிலிருக்கும் மகள் சுகந்தி ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். அம்மா பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வரட்டும். அம்மாவுக்குப் பயமில்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். பயந்தால், அறுபத்தாறு வயதில் இனி வண்டியே வேண்டாம். ஆட்டோவில் போங்கள்.

அவர் சரி என்றுவிட்டார். காலையிலிருந்து அவளிடம் ரொம்பப் பணிவு. காப்பிகூட அவரே போட்டார்.

முப்பத்திரண்டு வருடம் கால்நடை ஆய்வாளர். தடுப்பூசி மருந்தை ஐஸ் டப்பாவில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனவர். அத்தனையும் ஒரே புல்லட்டில்.

போன ஆடிக்காற்றில் தென்னை ஒன்று சாய்ந்து, கொட்டகையோடு சேர்த்து அதையும் நசுக்கிவிட்டது.

பத்து மாதமாக வாசலில் நிற்கிறார். போகிற வருகிற வண்டிகளையெல்லாம் பார்க்கிறார். எதிர்வீட்டு வாத்தியார் கியர் மாற்றுவது சரியில்லையாம். அவளிடம் வந்து குறைப்பட்டுக்கொள்கிறார்.

இன்று கணவர் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பள்ளம் வருவதற்கு முன்பே அவர் முதுகு சொல்லிவிடும். அவளும் லேசாக எழும்பிக்கொள்வாள். இந்த வண்டியிலும் அது மாறவில்லை.

திருப்பத்தில் ஓர் எருமைக் கன்று துள்ளிக் குறுக்கே வந்தது.

அவர் இடது காலை ஓங்கி அழுத்தினார்.

பழைய வண்டியில் பிரேக் அங்கேதான் இருந்தது.

இதில் அங்கே இருப்பது கியர்.

வண்டி ஓர் உதறு உதறியது. நிற்கவில்லை. கைப்பிடியில் இருந்த பிரேக்கை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். கன்று அவர் முழங்காலை உரசிக்கொண்டு ஓடிற்று.

அவர் குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்தார். வேற்றாள் கால்களைப் பார்ப்பதுபோல.

"ஆறு மாசக் கன்னு," என்றார்.

"இருக்குமுங்க," என்றாள்.

கடைக்குத் திரும்பினார்கள்.

"எப்படிங்கக்கா? பயமா இருந்துச்சுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி கேட்டதும் அவர் அப்படியே நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

பயமா? அவளுக்கு அவர்மேல் பயமில்லை. அந்தக் கால்மேலும் இல்லை. கால் என்ன தப்புச் செய்தது? பழகிய இடத்தில் மிதித்தது.

"இது வேண்டாமுங்க," என்றாள்.

ஹெல்மெட் மெல்ல ஆடியது, சரி என்பதுபோல. சாவியைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

அவள் அவர்களைத் தாண்டி நடந்தாள். வரிசையில் நின்ற வண்டிகளின் பளபளப்பைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் குனிந்து, கால் வைக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள்.

கடைசியில், தகரக் கூரைக்கடியில், தூசி பிடித்து ஒரு பழைய புல்லட்.

வலது பக்கம் கியர். இடது பக்கம் பிரேக்.

"இதுங்க."

"அக்கா, அது இருபத்தஞ்சு வருச வண்டிங்க. பேப்பரெல்லாம் சரியா இருக்குது, ஓட்டமும் பழுதில்ல. ஆனா பட்டன் கிடையாது. உதைச்சுத்தான் கிளப்போணும். அண்ணன் முட்டி ஆபரேசன் பண்ணுன காலுங்களே."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்னால உதைக்க முடியாது அம்மிணி."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க ஏறி உட்காருங்க மாமா."

ஸ்டாண்டில் நின்ற வண்டியில் அவர் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கால்களும் தேடாமல் அதனதன் இடத்துக்குப் போயின.

அவள் கிக்கர் இருக்கும் வலது பக்கமாக வந்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

எத்தனை வருடம் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறாள். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் சின்ன முள் நடுவுக்கு வர வேண்டும். அதுவரை கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். அப்புறம், எஞ்சின் இறுக்கத்தைத் தளர்த்தும் குட்டி லிவரை அவர் இடது கையில் பிடிக்க, கிக்கரை இன்னும் ஒரு நூல் இறக்கி, அவர் லிவரை விட்டதும் மேலேயிருந்து ஒரே மிதி. பலம் பாதி, பக்குவம் பாதி.

மிதித்தாள். ஒன்றுமில்லை.

"அக்கா, தள்ளுங்க, நான் உதைக்கறனுங்க!"

"நீங்க தெனமும் எங்க ஊட்டுக்கு வருவீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி பின்வாங்கினார்.

இரண்டாவது மிதிக்கு வண்டி ஒரு தடவை செருமிவிட்டு அடங்கியது. அவளுக்கு மூச்சு வாங்கியது. வியர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார், சுகந்தி.

"அம்மா என்னப்பா சொன்னாங்க? பயந்துட்டாங்களா?"

அவள் மறுபடி காலை வைத்தாள். மெதுவாக அழுத்தினாள். அவர் ஒரு கையில் போன், ஒரு கை லிவரில். கண் இரண்டும் ஹெட்லைட்டின் மேல்.

"கொஞ்சம் பொறு கண்ணு," என்றார். "முள்ளு நடுவுக்கு வருது."