டாங்கியின் இடப்பக்கம்

"இந்தச் சேறெல்லாம் எடுத்துடுங்க, சார்" என்றார் பெரியவர்.

மூன்றே மயிர் உள்ள பிரஷ் அந்தரத்தில் நின்றது. அதைப் பிடித்திருந்தவருக்கு மாடல் செய்வோர் சங்கத்தில் 'சரித்திரம்' என்று பெயர். யாரோ கேலிக்கு வைத்தது. அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். கண்காட்சியில் மற்றவர்கள் செய்துவைத்த போர் டாங்கிகளின் முன் குனிவார். "அந்த வருஷத்து டாங்கிக்கு இந்தப் பச்சை கிடையாதே" என்று சொல்லிவிட்டு நகர்வார். செய்தவனுக்கு அன்று சோறு இறங்காது.

புதுசைப் பழசாக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முழங்கை நீளப் பிளாஸ்டிக் டாங்கியைத் துண்டு துண்டாக ஒட்டி, வர்ணம் அடிப்பார். பிறகு அதே வர்ணத்தை அங்கங்கே உரித்து, துரு ஏற்றி, வண்ணப்பொடியைக் குழைத்துச் சேறு அப்புவார். அவர் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைத் தன் பாணியில் விளக்குவாள்: "வாசல் கேட்டுல நிஜத் துரு ஏறி ரெண்டு வருஷம் ஆச்சு, அதுக்குப் பெயிண்ட் அடிக்க ஆளில்லை. இங்க பெயிண்ட் அடிச்சதுக்குத் துரு பூசிட்டிருக்கார்."

பெரியவர் போன கண்காட்சியில் அறிமுகமானவர். பழைய ராணுவக்காரர். ஒரு குறிப்பிட்ட டாங்கியைச் செய்து தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதை எனக்கு நல்லாத் தெரியுமுங்க" என்றார். கரும்பு தின்னக் கூலியா? முதலில் கண்காட்சி, பிறகு டாங்கி உங்களுக்கே என்று சரித்திரம் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். முதல் பரிசு கொஞ்ச காலமாக ஒரு பல் டாக்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வலி பல்வலியைவிட மோசம்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் பெரியவர் மேஜை பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, சரித்திரம் செய்தார். பீரங்கிக் குழாயில் ஒரு வெள்ளை வளையம். சக்கரங்களில் மூன்றாவது மட்டும் புதுசு. பக்கக் கம்பியில் ஒரு கெட்டில், அதை ஒட்டிக் காயப்போட்ட நீலத் துண்டு. புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எதுவும் பிசகவில்லை. வலப்பக்கத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அந்தப் பக்கம் தெரியாதுங்க" என்றுவிடுவார்.

"பாவம், பாதி ஞாபகம் போயிடுச்சு" என்றார் சரித்திரம் மனைவியிடம்.

"நேத்து நான் பால் வாங்கச் சொன்னது உங்களுக்கு முழுசாவே போயிடுச்சே" என்றாள் அவள்.

இப்போது எல்லாம் முடிந்த வேளையில் சேற்றை எடுக்கச் சொல்கிறார்.

"ஐயா, போருக்குப் போன டாங்கி கல்யாண மாப்பிள்ளை மாதிரியா நிக்கும்? சேறில்லாம வெச்சா பொம்மைக் கடையில வாங்கினதும்பாங்க."

"அன்னிக்குக் காலையில கழுவியிருந்தாங்க. அடியில தண்ணி சொட்டிட்டிருந்தது."

சரித்திரம் வாதாடவில்லை. தன் துருப்புச் சீட்டை எடுத்தார். டாங்கியை மெல்லத் திருப்பி இடப்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு சின்ன ஓட்டை. ஊசியைக் காய்ச்சிப் போட்டு, விளிம்பில் மெழுகுவர்த்திக் கரி ஏற்றியிருந்தார். பெரியவர் சொன்னதல்ல, அவராகச் சேர்த்தது. அடிபடாத டாங்கிக்கு எந்த நடுவர் பரிசு கொடுப்பார்?

பெரியவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இங்க இல்லீங்க. அந்தப் புதுச் சக்கரத்துக்கு நேர் மேல."

சரித்திரத்துக்குப் புல்லரித்தது. ஆதாரம் என்றால் இதுவல்லவா ஆதாரம். ஊசியை மறுபடி எடுத்தார். "இதோ, மாத்திடறேன்."

"மாத்த வேண்டாம். மூடிடுங்க."

"நடந்ததை மூடச் சொல்றீங்களே, ஐயா. சரித்திரம்னா..."

"நடந்தது எனக்கு மறக்கலீங்க. அதுக்கு முந்தின நிமிஷம்தான் வேணும். என் வீட்டு ஜன்னல்ல அது அப்படியே நிக்கணும்."

குரல் ஏறவே இல்லை. ஆனால் டீ கொண்டுவந்த மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சரித்திரம் ஊசியைக் கீழே வைத்தார். முதல் பரிசு எழுந்து பல் டாக்டர் வீட்டுப் பக்கம் நடப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு பெருமூச்சோடு துணியை நனைத்துச் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். இருந்தாலும் விவரம் கேட்கும் வியாதி விடுமா?

"உள்ளே இருந்தவங்க?"

"யாரும் வெளிய வரலீங்க."

துணி பாதியில் நின்றது. கண்காட்சிக்காக அவர் தன் கையாலேயே எழுதிய அட்டை மேஜை ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது: 'இந்த டாங்கியை ஓட்டிய வீரரே அருகிலிருந்து சொல்லச் சொல்லச் செய்யப்பட்டது.' சரித்திரம் அட்டையைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார்.

"அப்போ... நீங்க?"

பெரியவர் இடுக்கியை எடுத்து, கம்பியிலிருந்து நழுவிக் கிடந்த அந்தக் குட்டி நீலத் துண்டை நேராக்கிப் போட்டார்.

"இதைக் காயப்போட்டவன் ரொம்பச் சின்னவன், சார். எதிர் வரப்புக்குப் பின்னால நான் ராக்கெட் குழாயைத் தோள்ல வெச்சுக்கிட்டு, அவன் உள்ள இறங்கி மூடியைச் சாத்தற வரைக்கும் காத்திருந்துதான் சுட்டேன்."